அந்த ஒரு மணி நேரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மாவட்டத்துக்கே ஒரே சைக்காலஜிஸ்டாக ஓ.பி.யில் உட்கார்ந்துகொண்டு, "உனக்கென்ன, வாராவாரம் சூப்பர்விஷன்" என்று எழுதியிருந்தாய். கொடுத்துவைத்தவள்தான், என் கேஸ்களை வாராவாரம் ஒரு மூத்தவரிடம் சொல்லி யோசிக்க ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று கேள்.

இங்கே இங்கிலாந்தில், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் டாக்கிங் தெரபீஸ் என்ற மனநலப் பிரிவில், ஒவ்வொரு முறையும் நோயாளி பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்விப் படிவத்தை நிரப்ப வேண்டும். மொத்தம் 27 மதிப்பெண், கூடக்கூட மனச்சோர்வு அதிகம். சிகிச்சை முடித்தவர்களில் பாதிப்பேராவது தேறியிருக்க வேண்டும் என்பது இலக்கு. படிவத்தை நான் குறை சொல்லவில்லை. சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்வியில், வாயால் சொல்லத் தயங்கியதை டிக் செய்தவர்கள் உண்டு. சிக்கல் வேறு. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மேனேஜரே சூப்பர்வைசர். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, இவருக்கு ஏன் மதிப்பெண் இறங்கவில்லை, அவர் ஏன் வரவில்லை என்று வரிசையாகக் கேட்பார். "இந்த அம்மா பேச ஆரம்பித்தாலே எனக்குத் தூக்கம் வருகிறது" என்று லீவு கொடுப்பவரிடமே எப்படிச் சொல்வது?

இப்போது இருக்கும் சூப்பர்வைசர் வேறு ரகம். போன மாதம் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்காலி கிறீச்சிட்டால்கூட மன்னிப்புக் கேட்கிற மனிதர். சூப்பர்வைசர் என்னைப் பாதியில் நிறுத்தி, "நீங்கள் இதுவரை நாலு முறை என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நோயாளியை அப்படியே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்! நோயாளியின் போக்கு நம் வழியாக சூப்பர்விஷனுக்குள்ளும் வந்துவிடும் என்று மனப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955-லேயே எழுதியதுதான், எம்.ஃபிலில் நமக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவே. அப்புறம்தான் உறைத்தது, நான் ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை" சொல்லி அவர் வாயை அடைத்திருக்கிறேன். அடுத்த வாரம் சொல்லவில்லை, சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவின் பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒன்று சொல்லட்டுமா? பயிற்சி பெறுபவரின் கேஸ்களை மூத்தவர் கூட இருந்து கேட்கும் இந்த வழக்கம் முறையாக வேரூன்றியது, 1920-ல் மனப்பகுப்பாய்வாளர் ஐட்டிங்கோன் பெர்லினில் திறந்த பாலிகிளினிக்கில். காசில்லாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தந்த இடம். உன் ஓ.பி. மாதிரி இடத்தில் பிறந்தது, உனக்கு மட்டும் இல்லை என்றால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அரசாங்கம் தரும்வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிறு உனக்கு மாலை 4.30, எனக்குக் காலை 11. பெயர், ஊர் எதுவும் வேண்டாம். உன்னைத் தூங்கவிடாத ஒரு கேஸைச் சொல். நான் மேதாவித்தனம் பண்ணமாட்டேன், அடுத்த வாரம் என் முறை.

அம்மா முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழி