காதில் எழுத மறந்தார்கள்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஈப்போவில் மழை விடாமல் பெய்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, நீ ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து ‘ரிங்கு’ என்ற ஜப்பானியப் பேய்ப்படம் பார்த்தாய். மூன்றையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தாய். “இந்த முறை பயமே வரவில்லை, அந்தப் பெண்ணை நினைத்து அழுதேன், எனக்கு என்னடி ஆயிற்று?” என்று கேட்டிருந்தாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன். அதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

விசிடி வாங்கி வந்து அங் மோ கியோ வீட்டில் பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? படத்தில் வருவதுபோல மணி அடித்துவிடுமோ என்று பயந்து, படம் முடிந்ததும் தொலைபேசியைத் தூக்கித் தலையணைக்கு அடியில் வைத்தாய். கிணற்றிலிருந்து ஏறிப் பேய்ப்பெண் சடாகோ நடந்து வரும் அந்தக் காட்சிக்காக நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார் இயக்குநர் ஹிடியோ நகாதா. 1998இல் வந்த படம். அந்தத் தந்திரம் அன்று நமக்குத் தெரியாது. ஆனாலும் அது மனித நடை இல்லையென்று உடம்பு கண்டுகொண்டது. அன்று நாம் பார்த்தது நடையை. இப்போது நீ பார்த்திருப்பது கிணற்றை. அப்பா ஸ்தானத்தில் இருந்தவரே அவளை மண்டையில் அடித்துத் தள்ளிய கிணறு. வயது ஏற ஏற அந்தக் கிணறுதான் பெரிதாகத் தெரிகிறது.

இங்கே எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. கோல்டன் மைல் டவரில் இருந்த ‘த புரொஜெக்டர்’ திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடப்பட்டபோது எனக்கு நாலு நாள் மனசே சரியில்லை. பிறகு, வீட்டிலேயே பார்ப்போம் என்று கூப்பிட்டேன். அனிமேஷன் படிக்கும் அக்கா மகன், ஐந்தாம் மாடி மக்சிக் (நாம் அப்படிக் கூப்பிடும் மலாய் அம்மா), என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழி, நான். நாலு பேர், மாதம் ஒரு படம். நீ வைத்த பழைய விதிகளைத்தான் இன்னமும் வைத்திருக்கிறேன். படம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு 555 நோட்டில், அந்தச் சின்னக் கையடக்க நோட்டில், ஒரு பக்கம் எழுத வேண்டும். கதைச் சுருக்கம் கூடாது, மதிப்பெண் கூடாது. எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது, எந்த இடத்தில் மனம் விலகியது, ஏன், இவ்வளவுதான். முதலில் பேசுகிறவரின் கருத்து மற்றவர்கள் தலையில் ஏறிவிடாமல் இருக்க நீ கண்டுபிடித்த வழி அது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விமர்சன முறை இல்லை.

சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில் ‘குவைதான்’ போட்டோம். மசாகி கோபயாஷி 1964இல் எடுத்தது, மூன்று மணி நேரம், நான்கு கதைகள். லாஃப்காடியோ ஹெர்ன் எழுதிவைத்த ஜப்பானியப் பேய்க்கதைகளிலிருந்து எடுத்தவை. வானத்தைக்கூடத் திரையில் தீட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒரு கதையில் அந்த வானத்தில் கண்கள் திறந்து பார்க்கின்றன. மூன்றாவது கதை ஓடிக்கொண்டிருந்தபோது கீழே திடலில் கெத்தாய், அந்த மாதத்து மேடைப் பாட்டுக் கச்சேரி, ஆரம்பித்துவிட்டது. சன்னலைச் சாத்தப் போனேன். மேடைக்கு முன்னால் முதல் வரிசைச் சிவப்பு நாற்காலிகள் வழக்கம்போலக் காலியாக இருந்தன. ஆவிகளுக்காக விட்டுவைத்தவை. ஒரு பெண் பளபளக்கும் சட்டையில் அந்த வெறும் நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்துப் பாடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கிறேன், திரையில் கண் தெரியாத ஹோயிச்சி, செத்துப்போன ஹெய்கே வம்சத்தார் முன்னால் உட்கார்ந்து பீவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறான். சன்னலைச் சாத்தவில்லை. இரண்டு பாட்டும் கலந்து ஒலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கதை உனக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் ஆவிகள் வந்து அவனைக் கூட்டிப்போகின்றன. அவனைக் காப்பாற்ற மடத்துக் குரு அவன் உடம்பு முழுக்கப் புனித சூத்திரத்தை எழுதவைக்கிறார். எழுத்து இருக்கும் இடம் ஆவியின் கண்ணுக்குத் தெரியாது. காதுகளில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். வந்த ஆவிக்கு இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றன, பிய்த்துக்கொண்டு போகிறது.

அந்த இடத்தில் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. சாயங்காலம் விளக்கேற்றிக் கந்த சஷ்டி கவசம் சொல்வாளே, அதிலும் இதே வேலைதான் நடக்கிறது. கண் இரண்டுக்கு ஒரு வேல், மூக்குக்கு ஒரு வேல், முப்பத்திரண்டு பல்லுக்கு ஒரு வேல், இடுப்புக்கு, முழங்காலுக்கு, விரலுக்கு. ‘விதிசெவி இரண்டும் வேலவர் காக்க’ என்ற அடியும் அதில் உண்டு. சின்ன வயதில் அந்தப் பட்டியல் எனக்குச் சலிப்பாக இருக்கும். ஒன்றைக்கூட விட்டுவிடக்கூடாதென்ற கவலைதான் அந்தப் பட்டியல் என்று ஐம்பது வயதுக்கு மேல், ஒரு ஜப்பானியப் படம் பார்த்துத்தான் புரிந்தது. என் நோட்டில் அன்று எழுதியது இவ்வளவுதான்: “பாட்டி காதை மறக்கவில்லை.”

ஆனால் மக்சிக் எழுதியிருந்ததுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. “அவர்கள் அவனைக் கொல்ல வரவில்லை, பாட்டுக் கேட்க வந்தார்கள்” என்று மலாயில் ஒரே வரி. யோசித்துப் பார். 1185இல் தான்-நோ-உரா கடற்போரில் தோற்று மூழ்கிப்போனவர்கள். தங்கள் தோல்வியை ஒருவன் பாடக் கேட்டு அழ வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அவர்களுக்கு வேண்டியது காது. கடைசியில் அவர்களுக்குக் கிடைத்ததும் காதுதான்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் போட்டாலும், கேட்க ஒரு காது இல்லாத இந்த ஏக்கமே என் கண்ணில் படுகிறது. பாங் சகோதரர்களின் ‘தி ஐ’யில் (2002, நம்ம ஊர் ரெயின்ட்ரீயும் சேர்ந்து தயாரித்தது) லிஃப்ட் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் புளோக் லிஃப்டில் ராத்திரி ஏறும்போது எனக்கும் அந்தக் கிழவர் நினைவு வராமல் இல்லை. ஆனால் நாயகிக்குக் கண் தானம் செய்த அந்தத் தாய்லாந்துப் பெண்ணின் கதையைப் பார். வரப்போகும் சாவுகளை முன்கூட்டியே கண்டு எச்சரித்தவள். ஊர் அவளை நம்பவில்லை, சூனியக்காரி என்றது. ஒபயாஷியின் ‘ஹவுஸ்’ (1977) எனக்கு ஒட்டவில்லை. பியானோ ஒரு பெண்ணைத் தின்னும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. அதிலும் அந்த அத்தை, போருக்குப் போன காதலன் திரும்பி வருவான் என்று காத்திருந்தே பேயானவள். அந்த ஒரு இழைக்காக இன்னொரு முறை பார்க்கலாம்.

‘பெர்ஃபெக்ட் ப்ளூ’வைப் பற்றித்தான் அக்கா மகனோடு பெரிய சண்டை. சடோஷி கோன் 1997இல் எடுத்த முதல் படம். 2010இல் 46 வயதிலேயே போய்விட்டார், இன்னும் எத்தனை செய்திருப்பாரோ. மீமா என்ற பாட்டுக்காரப் பெண் நடிகையாக மாறுகிறாள். அவள் பெயரில் வேறு யாரோ இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார்கள், அவள் அன்று ரயிலிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்கினாள் என்பது வரைக்கும். படிக்கப் படிக்க அந்த மீமாதான் நிஜமோ என்று அவளுக்கே சந்தேகம் வருகிறது. “இது பேய்ப்படமே இல்லை சித்தி, எடிட்டிங்கைப் பாருங்கள்” என்றான் அவன். அவள் படுக்கையில் கண் விழிக்கும் காட்சி திரும்பத் திரும்ப வருவதை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். ஒரு காட்சி எங்கே முடிந்தது, படத்துக்குள் எடுக்கிற படம் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கோன் தைத்திருக்கும் விதம் உண்மையிலேயே அபாரம். கையால் வரைந்த படம் என்பதால் நிஜமும் கனவும் ஒரே கோட்டில், ஒரே வண்ணத்தில் வந்துவிடுகின்றன, நடிகர்களை வைத்து எடுத்தால் இந்த அளவுக்குக் கலக்குமா என்று கேட்டான். அதில் அவன் சொல்வதை ஒப்புக்கொண்டேன். பேய்ப்படம் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் குரலைப் பிடுங்கி வேறொருவர் பேசினால், அவள் பேயாவதற்குச் சாகவே வேண்டியதில்லை.

நம் நீலியை எடுத்துக்கொள். போன பிறவியில் புருஷன் கையால் செத்தவள். பழையனூரில் சபையேறி அழுதாள், அவள் பழியும் தீர்த்தாள். நமக்கு மிஞ்சியது ‘நீலிக் கண்ணீர்’ என்ற வசவு. அவள் எதற்காக அழுதாள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை நாமே ஒருவரையொருவர் அப்படித் திட்டியிருக்கிறோம்! இனி நான் அந்தச் சொல்லைச் சொல்லப்போவதில்லை.

இப்போது உன்னிடம் ஒரு பெரிய உதவி கேட்கிறேன். மக்சிக்குக்காக ‘சும்பா பொந்தியானாக்’ பார்த்தோம், 1958இல் வந்தது. பொந்தியானாக் என்பது மலாய்க் கதைகளில் வரும் பெண் பேய். சிங்கப்பூர் ஸ்டுடியோவான கேத்தே-கெரிஸ் எடுத்த மலாய்ப் படங்களின் தொகுப்பு இன்று ஆசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது, 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் ஏறியது. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது, 1957இல் மரியா மெனாடோ நடித்து வந்த ‘பொந்தியானாக்’, அது இல்லை. அதன் அடுத்த பாகமும் இல்லை. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ், தமிழ்ப் படமும் எடுத்தவர். அதில் கணவனைப் பாம்பு கடிக்க, அவன் உயிரைக் காப்பாற்ற நாயகி விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள். ரத்தம் நாவில் பட்டதும் பொந்தியானாக் ஆகிவிடுகிறாள். அவ்வளவு பெரிய கதையின் படச்சுருள் நம் கையில் இல்லை.

உன் அம்மா பார்த்திருக்கிறார்கள். தேங்காய் துருவிக்கொண்டே நமக்குச் சொன்னார்களே, நீ பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாய். அப்போது நாம் பாதியில் ஓடிவிட்டோம், முழுதாகக் கேட்கவில்லை. ஒரு 555 நோட்டு வாங்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார். கதையைக் கேட்காதே, அது எனக்குத் தெரியும். யாரோடு போனார்கள், எந்தத் தியேட்டர், டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தார்கள்? விஷத்தை உறிஞ்சும் இடத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவள் முகம் மாறியதை எப்படிக் காட்டினார்கள், அம்மாவுக்கு எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது? வீட்டுக்கு எந்த வழியாக நடந்து வந்தார்கள், அந்த வழியில், பொந்தியானாக் குடியிருக்கும் என்பார்களே, அந்த வாழைமரம் இருந்ததா?

அம்மா சொல்கிற வார்த்தையிலேயே எழுது, திருத்தாதே. அடுத்த கூட்டம் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. அதற்குள் வந்தால் நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன், மக்சிக்குக்கு மலாயில் சொல்லுவேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்குப் போன மாதம் அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் எழுது, தேக்காவில் வாங்கி அனுப்புகிறேன்.

உன்
தோழி