சேர்ந்தவர்களிலிருந்து எண்ணுங்கள்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவினருக்கும், மாநிலச் செவிலியர் குழும உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் நர்சிங் கல்லூரிகளில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வேலை பார்த்தவை எல்லாமே சிறிய கல்லூரிகள். ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது இடங்கள்; அவையும் எல்லா ஆண்டும் நிரம்பியதில்லை. இப்போதும் பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மதிப்பெண் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடலாம் என்பதுதான் கேள்வி.

கட்டணம் எவ்வளவு, விடுதியில் சாப்பாடு எப்படி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்லிவிடுவேன். நான்கு ஆண்டுக்கு முன் அங்கே சேர்ந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இத்தனை காலம் இதே துறையில் இருந்த எனக்கே தெரியாதபோது, ஆடு விற்றுக் கட்டணம் கட்டப்போகும் ஒரு தகப்பனுக்கு எப்படித் தெரியும்?

பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கு இந்த நிலை இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. பத்திரிகைகள் அதை எடுத்துப் போடுகின்றன. பெற்றோர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கலந்தாய்வுக்குப் போகிறார்கள். நர்சிங், பிசியோதெரபி, ரேடியாலஜி, ஆய்வகத் தொழில்நுட்பம் என்று எங்கள் பக்கம் வரும் பிள்ளைகளின் பெற்றோர் கையில் அப்படி ஒரு பட்டியலை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்தப் பட்டியலை அப்படியே நகல் எடுத்தாலும் போதாது. காரணம் சொல்கிறேன்.

ஒரு கல்லூரியில் நாற்பது பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் பத்துப் பேர் விழுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். பாடம் புரியாமல் விழுந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருதயத்தின் நான்கு அறைகளையும் தமிழில் அழகாகச் சொல்வார்கள், விடைத்தாளில் ஆங்கிலத்தில் எழுத வராது. மறுமுறையும் விழுந்தவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலரை வருகைப்பதிவு, அகமதிப்பீடு என்று சொல்லி இறுதித் தேர்வுக்கே அனுப்புவதில்லை. கடைசியில் இருபத்திரண்டு பேர் எழுதி இருபத்திரண்டு பேரும் தேறுகிறார்கள். கல்லூரி வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் ஏறுகிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காணாமல் போன பதினெட்டுப் பேரைப் பற்றித்தான் அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்படிக் காணாமல் போன ஒருத்தியை எனக்குத் தெரியும். ஊசி போடும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பாள். வலி தெரியாது என்று வார்டே சொல்லும். உடலியங்கியலில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது முறை எழுதப் பணமும் இல்லை, மனமும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போனபோது மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்ததை நான் எடுத்துச் சொன்னேன். அலுவலகத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் பெயர் முதலாண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கணக்கிலும் இல்லை. தோற்றவர் கணக்கில்கூட இல்லை.

ஆகவேதான் கேட்கிறேன்: தேர்வு எழுதியவர்களிலிருந்து எண்ணாதீர்கள், சேர்ந்தவர்களிலிருந்து எண்ணுங்கள். ஒவ்வொரு கல்லூரியும், ஒவ்வொரு படிப்பும், ஒவ்வொரு ஆண்டும்: அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இரண்டாம் ஆண்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர், உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், படிப்பை முடித்துச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், என்ன சம்பளத்தில்.

இது புதிய கேள்வித்தாளும் அல்ல. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரிகள், எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் நடுமட்டச் சம்பளம் என்ன என்று ஏற்கெனவே எழுதித் தருகின்றன. விருப்பமுள்ளவர்கள் மட்டும் நிரப்பும் படிவம் அது. அதை எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டாயமாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். பதிவு எண்ணும் தேர்வு முடிவும் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் போகிறது. அவள் இன்னும் படிக்கிறாளா, நின்றுவிட்டாளா என்பது அரசுக்குத் தெரியாமல் அந்தப் பணம் போக முடியாது. அரசுக்குத் தெரிந்தது அவளுக்குப் பின்னால் வரும் தங்கைக்கும் தெரியட்டும்.

ஆய்வுக் குழு வந்து பார்க்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆய்வு நாளன்று வார்டுக் கட்டில்கள் எல்லாம் நிறைந்திருந்தன. முதல் நாள் இலவச முகாம் என்று சொல்லிப் பக்கத்துக் கிராமத்தாரை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். மூன்று நோயாளிகளுக்கு ஒரு மாணவி என்ற விதி அன்று மாலை ஐந்து மணி வரை காப்பாற்றப்பட்டது. அதையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. அப்போதிருந்த பாடத்திட்டப்படி ஒவ்வொரு மாணவியும் இருபது சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அத்தனை பிரசவம் நடக்கவே இல்லை. ஆனாலும் செய்முறைப் பதிவேட்டில் இருபது வரிகளும் நிரம்பின. அவற்றின் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி முதன்முதலாகத் தனியாகப் பிரசவம் பார்த்த இரவில் எப்படி நடுங்கியிருப்பாள் என்று நினைத்து நான் தூக்கம் இழந்ததுண்டு.

மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரி முறைகேட்டை ஆராய நீதிமன்றம் அனுப்பிய சிபிஐ குழுவிலேயே சிலர் லஞ்சம் வாங்கியதாக 2024இல் கைதானார்கள். பார்வையிட வருகிறவர் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும் அது ஒரு நாள் காட்சிதான். ஐந்து ஆண்டுகளின் சேர்க்கைக் கணக்கையும் பதிவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வேனில் ஆள் கொண்டுவந்து அதை நிரப்ப முடியாது. அந்த மருத்துவமனையில் மாதம் எத்தனை பிரசவம் நடந்தது என்பதையும் சேர்த்து வெளியிட்டால் என்னைப் போன்றவர்களின் கையெழுத்தை நம்பியிருக்கவும் வேண்டாம்.

சம்பளத்தை ஏன் கேட்கிறேன் என்றால், ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது. என் மாணவிகள் அதில் பாதிக்கும் வேலை பார்த்திருக்கிறார்கள், கல்லூரி நடத்தும் அதே மருத்துவமனையில். விளம்பரத்தில் மட்டும் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’.

இப்போது சிறிய கல்லூரிகளுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். இப்படிக் கணக்கு வெளியானால் சேர்க்கை விழுந்துவிடும், கல்லூரியை மூட வேண்டியதுதான் என்று நிர்வாகிகள் சொல்வார்கள். சேர்க்கை இப்போதே விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர்களே தனியாகப் பேசும்போது ஒப்புக்கொள்கிறார்கள். இடம் காலியாகக் கிடந்தால் தரகரைப் பிடிக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் தொகை ஆசிரியர் சம்பளத்திலும் ஆய்வகத்திலும் வெட்டு விழுந்து வருகிறது. அதனால் இன்னும் நாலு பேர் தோற்கிறார்கள். மறு ஆண்டு இன்னும் பெரிய தரகர். நேர்மையாகக் கல்லூரி நடத்துகிறவர்தான் இதில் முதலில் நசுங்குகிறார். தன் பிள்ளைகள் தேறினார்கள் என்று அவர் சொல்வதும் பக்கத்துக் கல்லூரியின் ஃபிளெக்ஸ் சொல்வதும் ஒரே மாதிரி இருக்கிறதே!

நான் கடைசியாக வேலை பார்த்த கல்லூரி அப்படி நேர்மையானது. முதலாண்டு மாணவிகளுக்குத் தினமும் மாலை ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் விடை எழுதச் சொல்லித் தருவோம். முதல்வர் அம்மா தானே உட்கார்ந்து திருத்துவார். பாதியில் நிற்பவர் வெகுவாகக் குறைந்தார்கள். அதை உலகுக்குச் சொல்ல அந்தக் கல்லூரிக்கு வழியே இல்லை. உங்கள் பட்டியல்தான் அதற்கு வழி.

சிறிய கல்லூரிக்கு ஒரு நியாயம் மட்டும் செய்யுங்கள். சதவீதம் போடாதீர்கள், ஆட்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். இருபது பேர் வகுப்பில் ஒரு பெண் கல்யாணமாகிப் போனாலே ஐந்து சதவீதம் குறைந்துவிடும். மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துக் காட்டினால் ஒரு மோசமான ஆண்டு ஒரு கல்லூரியைக் கொன்றுவிடாது.

கலிபோர்னியாவில் செவிலியர் வாரியம் ஒவ்வொரு கல்லூரியிலும் படித்தவர்கள் செவிலியர் உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே பெறும் தேர்ச்சியை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அது 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கல்லூரி பதில் சொல்லியாக வேண்டும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், கிண்டியிலிருந்து கிண்டிக்குப் போனால் போதும். அண்ணா பல்கலைக்கழகமும் உங்கள் பல்கலைக்கழகமும் ஒரே பேட்டையில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு கல்லூரியிலும் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை 1858இல் வரைபடம் போட்டுக் காட்டி அரசை அசைத்தவர் அவர். செத்தவர்களை எண்ணியதால் அது நடந்தது.

அடுத்த கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் தேதி அறிவிக்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது இந்தக் கணக்கு, தமிழில், யாரும் பார்க்கும்படி வெளிவர வேண்டும். முதல் ஆண்டில் எல்லாக் கல்லூரிகளிடமிருந்தும் வராவிட்டால் தந்த கல்லூரிகளின் கணக்கை வெளியிடுங்கள். தராத கல்லூரிகளின் பெயருக்கு எதிரே ‘தரவில்லை’ என்று போடுங்கள். பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரி என்று சொல்ல என்னிடம் அது இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்சிங் ஆசிரியை ஒருத்தி