மிட்டாய் கம்பெனியின் வரலாற்றை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடலூர் முதுநகரில் உங்கள் தாத்தா தொடங்கி, அப்பாவும் சித்தப்பாவும் நடத்தி, இப்போது உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கும் மிட்டாய் கம்பெனியின் வரலாற்றை ஒரு சிறு நூலாகக் கொண்டுவரப் போவதாக அம்மா சொன்னார்கள். கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். நம் பக்கத்துக் குடும்பத் தொழில்கள் பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துவிட்டன. ஆனால் ஒரு கவலையும் எனக்கு உண்டு. இத்தகைய மலர்களில் நிறுவனர் படம், வாழ்த்துரைகள், விழாப் புகைப்படங்கள் என்று பக்கங்கள் நிரம்பிவிட, அந்தப் பொருளை யார், எந்தப் பக்குவத்தில் செய்தார்கள் என்பதற்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் நூல் அடுப்படியிலிருந்து எழுதப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஜெர்மனியின் பான் நகரில் 1920-இல் ஹான்ஸ் ரீகல் தொடங்கிய ஹரிபோ என்ற மிட்டாய் கம்பெனி இன்றும் குடும்ப நிறுவனம்தான். ஒரு மூட்டைச் சர்க்கரை, ஒரு சலவைக்கல், ஒரு முக்காலி, ஒரு செங்கல் அடுப்பு, ஒரு செம்புக் கொப்பரை, ஓர் உருளை என்றுதான் அவர்கள் தங்கள் தொடக்க முதலைக் கணக்குச் சொல்கிறார்கள். முதல் பணியாளர் ரீகலின் மனைவி கெர்ட்ரூட். அன்றன்று செய்த மிட்டாயைச் சைக்கிளில் வைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோனவர் அவரே. 1945-இல் கணவர் இறந்தபோது மகன்கள் இருவரும் போர்க் கைதிகளாக இருந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை தொழிலைக் கட்டிக்காத்தவரும் அவர்தான். உங்கள் பாட்டி திண்ணையில் அமர்ந்து சரக்கை எடைபோட்டுக் கூலிக் கணக்கு எழுதியதை இந்த ஊரே பார்த்திருக்கிறது. அவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் மட்டும் வந்தால் அது நியாயமாகாது.

அதற்காக ஜெர்மனிவரை போகவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்து நெல்லிக்குப்பம் இந்திய மிட்டாய்த் தொழிலின் மூத்த ஊர்களில் ஒன்று. 1788-இல் சென்னைக்கு வந்த வேல்ஸ் நாட்டு வணிகர் தாமஸ் பாரி, 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலராவால் இறந்து கடலூரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை உற்பத்தியில் இறங்கியது. 1914-இல் மிட்டாய்த் தயாரிப்பும் அங்கே தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் கரும்பு விளைந்ததால் ஆலை வந்தது, ஆலை இருந்ததால் மிட்டாய் வந்தது. 1981-இல் பாரி நிறுவனம் முருகப்பா குடும்பத்தினரிடம் வந்தது. பிறகு 2004-இல் மிட்டாய்ப் பிரிவு மட்டும் தனியே கொரியாவின் லோட்டே நிறுவனத்துக்குக் கைமாறியது. பாரியின் மிட்டாய்களான லாக்டோ கிங்கும் காஃபி பைட்டும் அப்படித்தான் வேறொரு குடும்பத்தின் சொத்தாயின. அந்த ஆலைச் சர்க்கரை உங்கள் கொப்பரைக்கு எப்போதாவது வந்ததா, வந்தது என்றால் யார் வழியாக, எந்த விலைக்கு என்பதைப் பழைய பற்றுவரவு ஏடுகளில் தேடிப் பாருங்கள். உங்கள் கதை இந்த மண்ணோடு சேருவது அங்கேதான்.

இனி அடுப்புக்கு வருகிறேன். பாகை ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால்தான் கடின மிட்டாய் கிடைக்கும். வெறும் சர்க்கரைப் பாகு ஆறும்போது மணல் மணலாகப் பூத்துவிடும் என்பதால் திரவக் குளுக்கோஸ் சேர்க்கிறார்கள்; அதனால்தான் மிட்டாய் கண்ணாடிபோல் நிற்கிறது. வெப்பமானி இல்லாத காலத்தில் உங்கள் பாகு மாஸ்டர் கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு, எடுத்துக் கடித்துப் பார்ப்பார். பல்லில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும், நொறுங்கினால் உடனே இறக்க வேண்டும். அதன்பிறகு காற்றோடு ஒரு போட்டி. மிட்டாய் ஈரத்தை இழுக்கும். கடற்காற்று வீசும் முதுநகரில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், சற்றுத் தாமதித்தாலும் பிசுபிசுத்துவிடும். ஆறிய கையோடு தாளில் வைத்து இருபுறமும் முறுக்கிய பெண்களின் வேகத்தில்தான் உங்கள் சரக்கின் பெயர் நிலைத்தது. கிலோக் கணக்கில் அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள், எந்த ஆண்டு அதை உயர்த்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

2011-ஆம் ஆண்டுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம். அந்த ஜூன் 30-ஆம் தேதியோடு 25 காசு நாணயம் செல்லாமல் போனது. காலணாக் காலம் முதல் சில்லறையை நம்பியே வாழ்ந்த தொழிலுக்கு அது சிறிய அடி அன்று. விலையை 50 காசாக்குவதா, உருண்டையைப் பெரிதாக்குவதா என்று உங்கள் அப்பா பெரிதும் குழம்பியதை நான் அறிவேன். அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. கூரை பறந்து, சர்க்கரை மூட்டைகள் கரைந்தோடிய அந்த வாரத்தில் கடன் கொடுத்தவர் யார், சரக்குக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்த கடைக்காரர்கள் யார் என்பதைப் பதிவு செய்யுங்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்ததைப் பற்றி எழுதத் தயங்குவதாகவும் அம்மா சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும் என்பேன். லோட்டே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் 2015-இல் மோதிக்கொண்டதை உலகமே செய்தித்தாளில் படித்தது. குடும்பத் தொழிலில் பாகப்பிரிவினையும் வரலாற்றின் பகுதிதான். யார் மீதும் குற்றம் சொல்லாமல், எது யாருக்குப் போனது, கொப்பரைகள் எத்தனை பிரிந்தன என்று மட்டும் எழுதினாலே போதும். சித்தப்பாவிடம் அந்தப் பக்கங்களை அச்சுக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

பழைய ஏடுகளைக் கரையான் அரிக்குமுன் படம் எடுத்து வையுங்கள். கிரயப் பத்திரங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எண்பதைக் கடந்துவிட்ட பாகு மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள், அவர் மனைவியையும் பேசச் சொல்லுங்கள். நீங்கள் அழைத்தால் நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அப்பாவின் நண்பர்