சூறைக்காற்றுக்குச் சூறாவளி என்று பேர் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை மழையில் வாழை சாய்ந்த செய்திக்குத் தங்கள் நாளிதழ் 'சூறாவளி' என்று தலைப்பு போட்டிருந்தது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தச் சம்சாரியும், அதாவது விவசாயியும், அப்படிச் சொல்ல மாட்டார். 'சூறைக்காத்து அடிச்சிருச்சு' என்பார்.

சூறை என்றாலே கொள்ளைதான். சூறையாடுவது, சூறைத்தேங்காய்க்குப் பிள்ளைகள் பாய்வது எல்லாம் அந்த வழியில் வந்ததே. திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டிக் கோயிலில் தை மாதம் கூடை கூடையாக வாழைப்பழம் சூறை விடுவார்கள். பழத்தை நாம் இறைத்தால் நேர்த்திக்கடன். காற்று இறைத்தால் வெறும் கடன்.

இந்தக் காற்று உள்ளூர்ச் சரக்கு. சாயங்காலம் இடிமேகம் திரண்டு மழை இறங்கும்போது, துளிகளில் கொஞ்சம் வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று தடதடவென்று இறங்கித் தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. கால் மணி நேரக் கூத்துதான். வாழைக்கு வேர் மேலாகவே ஓடும். தார் போட்ட மரத்துக்குத் தலைக்கனம் வேறு. முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்போடு சேர்ந்து படுத்துவிடும். முந்தின நாள் வரை தாருக்கு விலை பேசிய வியாபாரி மறுநாள் தோட்டத்துப் பக்கமே வரமாட்டார்.

சூறாவளி என்றால் இலங்கைத் தமிழருக்குப் புயல். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 2018-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவை நாம் புயல் என்றோம். காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால்தான் வானிலை ஆய்வு மையம் புயல் என்கிறது. ஆனால் மீனவர் எச்சரிக்கையில் அதே மையம் 45, 55 கி.மீ. காற்றையும் 'சூறாவளிக்காற்று' என்கிறது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தலைவர்களின் 'சூறாவளிச் சுற்றுப்பயணம்' பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இனி இத்தகைய செய்திக்குச் 'சூறைக்காற்று' என்றே தலைப்பிடுங்கள். எந்த ஊரில், எத்தனை மணிக்கு அடித்தது என்று ஒரு வரியும் சேருங்கள். இழப்பீட்டு மனுவோடு பத்திரிகை நறுக்கை வைத்துக் கொடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
சின்னமனூர்.