கதிரவன் உதிக்காத கட்டுரை ஒன்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். பாதிக்குப் பாதி ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புகிறான், பறவைகள் கீச்சிடுகின்றன, தென்றல் தாலாட்டுகிறது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது சாலையில் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ‘நல்ல தொடர்கள்’ என்று தாள் அச்சடித்துக் கொடுக்கிறோம். தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-க்குக் கைகொடுக்கும் என்று நம்பி அவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். பெரியவர்கள் எழுதும் சிறுகதைகள் மட்டும் என்ன வாழ்ந்தது? கதாநாயகி உள்ளே வந்தால் பட்டுச்சேலை சரசரக்க வேண்டும். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் மாடியில் ரவிக்கை தைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். இப்போது எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கும் சாஃப்ட் சில்க் சரசரக்காது ஐயா. எழுதுகிறவர் அந்தச் சேலையைப் பார்க்காமலே எழுதுகிறார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

துணியைப் பார்த்து எழுதியவர் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய். மேடையில் அவர் பெயர் வந்தால் அகிம்சை, காந்தியோடு நடந்த கடிதப் போக்குவரத்து என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நான் அவரைப் படித்தது தையல்காரன் கண்ணால். அவருடைய ‘அன்னா கரீனினா’ நாவலில் நடன விருந்துக் காட்சியைப் பாருங்கள். கிட்டி என்ற சின்னப் பெண் இளஞ்சிவப்புத் துணிக்கு மேல் வலைத்துணி போட்டுத் தைத்த உடையில் வருகிறாள். கையுறையின் மூன்று பொத்தான்களும் அறுந்துபோகாமல் பூட்டிவிட்டன என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்னா இளம் ஊதாவில்தான் வருவாள் என்று நினைத்திருந்தாள்; அன்னா கறுப்பு வெல்வெட்டில் நிற்கிறாள். பார்த்ததும் கிட்டிக்குப் புரிகிறது: அன்னா உடுத்தினால் உடை கண்ணில் படுவதில்லை, ஆள்தான் படுகிறாள். பின்னால் கிட்டிக்கு வரப்போகும் அத்தனை வேதனைக்கும் விதை அந்தக் கறுப்பு உடையில் இருக்கிறது. அங்கே ‘தேவதைபோல் ஜொலித்தாள்’ என்ற பேச்சே இல்லை.

அதே நாவலில் எனக்கு இன்னும் பிடித்தது, கிட்டியை மணக்கும் லெவினின் கல்யாணம். தேவாலயத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது, பெண் தயாராகக் காத்திருக்கிறாள், மாப்பிள்ளையைக் காணோம். மனம் மாறிவிட்டதோ என்றால் அதெல்லாம் இல்லை, போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை! அன்று மாலையே கிராமத்துக்குக் கிளம்புவதாக ஏற்பாடு என்பதால், வேலைக்காரன் கல்யாணக் கோட்டையும் காற்சட்டையையும் மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றதையெல்லாம் மூட்டை கட்டிப் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். காலையில் போட்ட சட்டை கசங்கிக் கிடக்கிறது. வாங்கிவர ஆள் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. சகலையாகப் போகிறவனிடம் இரவல் வாங்கினால் அகலம் அதிகம், நீளம் போதவில்லை. (தையற்கடையில் உட்காராத எழுத்தாளருக்கு இந்த அளவுகள் எப்படித் தெரிந்தன என்று வியந்திருக்கிறேன்.) கடைசியில் பெண் வீட்டில் மூட்டையைப் பிரித்துச் சட்டை எடுத்துவர வேண்டியதாயிற்று. அதுவரை மாப்பிள்ளை காற்சட்டையோடு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். 1862 செப்டம்பரில் டால்ஸ்டாயின் சொந்தக் கல்யாணமே சட்டை கிடைக்காமல்தான் தாமதமானது. அவமானமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அதை மறைக்காமல் எடுத்து நாவலில் வைத்தார். நம் வீட்டுக் கல்யாணங்களிலும் இப்படி ஒரு கூத்தாவது நடக்கிறது. அதை எழுதுகிறோமா? மங்கள வாத்தியம் முழங்கிவிடுகிறது.

அதே 1862-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை என் மகள் ஆங்கிலத்தில் படித்துச் சொல்லக் கேட்டேன். யார் யாரிடம் எழுதக் கற்றுக்கொள்வது, குடியானவப் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்பதுதான் அதன் தலைப்பே. யாஸ்னயா பொலியானா கிராமத்தில் குடியானவப் பிள்ளைகளுக்கென்று அவர் பள்ளிக்கூடம் நடத்திய காலம் அது. ‘கரண்டியால் ஊட்டுகிறான், அதன் காம்பால் கண்ணைக் குத்துகிறான்’ என்ற பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்கிறார். பிள்ளைகள் தயங்க, அவரே எழுதத் தொடங்குகிறார். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, இது சரியில்லை, அது அப்படி இருக்காது என்று சொல்லச் சொல்ல, அவர் அவர்களுக்கு எழுத்தராகிவிடுகிறார். ஃபெத்கா என்ற பையன், கதையில் வரும் ஒருவன் பெண்பிள்ளையின் ரோமக் கோட்டை மாட்டிக்கொண்டான் என்கிறான். டால்ஸ்டாய் அந்த இடத்தில் அசந்துபோகிறார். அந்தக் கோட்டு ஒன்றாலேயே ஆள் ஒல்லி, நெஞ்சு குறுகல் என்று தெரிகிறது. பலகையில் கிடந்ததில் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறான் என்றால், அந்த வீட்டின் குளிர்கால மாலையே கண்முன் வந்துவிடுகிறது என்கிறார்.

என் பேத்தி தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் முதியவர் விழுவதுபோல் படம். அவர் ‘அடியற்ற மரம்போல்’ விழுந்தார் என்று எழுதியிருந்தாள். “நம்ம புளோக்குக் கீழே தினம் உட்கார்ந்திருக்கும் சீனத் தாத்தா என்ன போட்டிருப்பார்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “பேரனோட பழைய பி.இ. (உடற்பயிற்சி வகுப்பு) சட்டை, தாத்தா. கழுத்து பெருசாப் போயிருக்கும். முதுகுல ஸ்கூல் பேரு பாதிதான் தெரியும்.” பிறகு சந்தேகத்தோடு, “இதெல்லாம் எழுதலாமா?” என்றாள். தினமும் பார்க்கிற பிள்ளைக்கு, பார்த்ததை எழுத அனுமதி வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வளம் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சட்டையைப் பற்றி எழுத உட்கார்ந்ததும், ‘கலர் போயிடுச்சு’ என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். ‘சாயம் வெளுத்த’ என்றேன். ‘தொளதொள’வும் ‘நைந்துபோன’வும் அன்றைக்கே கற்றுக்கொண்டாள். துணி மடிக்கும்போது இப்போது அவற்றைச் சொல்கிறாள். பொற்கதிர் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அடியற்ற மரத்தை மட்டும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள், மதிப்பெண் போய்விடுமாம். நானும் வற்புறுத்தவில்லை.

திருத்தி எழுதும் விஷயத்திலும் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம். ‘போரும் வாழ்வும்’ நாவலின் கையெழுத்துப் படிகளை டால்ஸ்டாய் அடித்துத் திருத்தத் திருத்த, மனைவி சோஃபியா மறுபடி மறுபடி நகல் எடுத்தார். அந்தப் பழமொழிக் கதையின் தாள்களைப் பிள்ளைகள் விளையாட்டுக்கு வெடி மடித்துத் தொலைத்துவிட, ஃபெத்காவும் இன்னொரு பையனும் உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள். இங்கே ‘திருத்தம்’ என்றால் ரகர றகரத்தைச் சரிசெய்து நகல் எடுப்பதோடு சரி. தோள் இறங்கியிருந்தால் தையலைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். மேலே இஸ்திரி போட்டால் சரியாகாது.

டால்ஸ்டாயிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ‘போரும் வாழ்வும்’ முடிவில் வரலாற்றைப் பற்றி அவர் எடுக்கும் நீண்ட பாடத்தை நான் இன்றுவரை படித்து முடிக்கவில்லை. பிரசங்கம் செய்ய நம் எழுத்தாளர்களுக்கு வெளியிலிருந்து ஆசான் தேவையில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாணவர் பக்கத்துக்குக் கட்டுரை கேட்கும்போது, பழமொழியோ படமோ எதைக் கொடுத்தாலும் கூடவே ஒரு கேள்வியைச் சேருங்கள்: உங்கள் கட்டுரையில் வருபவர் என்ன உடுத்தியிருக்கிறார், அது யாருடையது? முடிந்தால், வருகிற கட்டுரைகளில் கதிரவன் உதிக்கும் முதல் பத்தியை அப்படியே வெட்டிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து அச்சிடுங்கள். கோபப்படும் பெற்றோருக்கு நான் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரர்,
தோ பாயோ