எல்லாவற்றுக்கும் பேராசைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலிப் பத்திரம் போட்டு அடுத்தவர் நிலத்தை அபகரித்தவனைப் பற்றிய செய்தியில் 'பேராசை' என்று எழுதுகிறீர்கள். அதிக வட்டி என்றதும் மயங்கிச் சேமிப்பைத் தொலைத்தவர் பற்றிய செய்தியிலும் அதே பேராசை. இரண்டும் ஒன்றா? தொலைத்தவர் தன் பணம் பெருகவேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். மற்றவனோ இன்னொருவருடையது தன் கைக்கு வரவேண்டும் என்று நினைத்தவன். அதற்குத் தமிழில் வெஃகுதல் என்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது.

அதைப் பொறாமையோடும் குழப்பிக்கொள்கிறார்கள். பொறாமை என்றால் பொறுக்காமை, சொல்லிலேயே இருக்கிறது. எதிர்வீட்டு வாசலில் புது கார் நிற்பதைப் பார்த்து வயிறு எரிகிறவனுக்கு அந்தக் கார் வேண்டும் என்றுகூட இல்லை, எதிர்வீட்டுக்காரனிடம் இருக்கக் கூடாது, சாவியால் அதில் ஒரு கீறல் விழுந்தால் ராத்திரி நன்றாகத் தூங்குவான். வெஃகுகிறவன் கீறமாட்டான். அந்தக் கார்தான் நாளைக்குத் தன்னுடையதாயிற்றே!

வள்ளுவர் 17-ஆம் அதிகாரத்தில் அழுக்காறாமை, அதாவது பொறாமைப்படாமை, அடுத்த 18-இல் வெஃகாமை என்று பிரித்துத்தான் வைத்தார், ஒன்றென்றால் பத்துப் பத்துக் குறளாக எதற்கு இரண்டு முறை பாடப்போகிறார். 'அஃகாமை செல்வத்திற்கு யாதெனின் வெஃகாமை வேண்டும் பிறன்கைப் பொருள்' என்ற குறளில், அதாவது செல்வம் குறையாமலிருக்கப் பிறன் கைப்பொருளை வெஃகாதே என்பதில், அந்தப் 'பிறன்கை'யைக் கவனியுங்கள், பொருள் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது, நம் மனசு மட்டும் அங்கே போய்விட்டது. அவாவறுத்தல் எங்கோ தள்ளி 37-இல், துறவறத்தில் வருகிறது. ஆசையையே அறுப்பது துறவியின் பாடு, குடும்பஸ்தன் பிறன் பொருளில் மனம் வைக்காமல் இருந்தால் சரி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அகராதியில் வெஃகுதலுக்கு 'மிக விரும்புதல்' என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குறள் படித்தவர் காதில் அது பிறர் பொருளைத்தான் ஞாபகப்படுத்தும். 'உன் அன்பை வெஃகுகிறேன்' என்று கவிதை எழுதி அனுப்பினால் அந்தப் பெண் கதவைத் தாழ்போட்டுக்கொள்வதே நல்லது.

தலைப்பில் 'வெஃகி' என்று போடச் சொல்லவில்லை, ஆய்த எழுத்தை ஃபேனுக்கும் ஃபைலுக்கும் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் பேச்சில் நாம் தடுமாறுவதில்லையே, 'அந்த இடத்து மேல அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு' என்று சரியாகத்தானே சொல்கிறோம்? அதையே எழுதுங்கள், 'நிலத்தின் மேல் கண் வைத்து' என்று. ஏமாந்தவருக்கும் ஏமாற்றியவனுக்கும் ஒரே சொல்லைப் பங்கு போடவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்