அச்சகத்தின் பெயர் இல்லாத போஸ்டர்கள்: கட்சி ஐ.டி. விங் டிசைனர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகளில் உட்கார்ந்து இரவு பகலாகக் கார்டும் பேனரும் ரீல்ஸும் செய்து தரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் ஒரு வார இதழில் பக்கம் வடிவமைப்பவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. நீங்கள் திமுகவுக்குச் செய்கிறீர்களா, அதிமுகவுக்கா, பாஜகவுக்கா, நாம் தமிழருக்கா, தவெகவுக்கா என்பது எனக்கு முக்கியமில்லை. உங்கள் கணினியிலும் என் கணினியிலும் திறந்திருப்பது ஒரே போட்டோஷாப்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: செய்தி சேனல்களின் நியூஸ் கார்டைப் போலவே போலிக் கார்டு செய்து தராதீர்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு படத்திலும், இதை வெளியிடுவது யார் என்ற ஒரு வரியைப் போடுங்கள்.

பிரச்சாரமே தப்பு என்று நான் சொல்லவில்லை. படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பது இந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலோடு பிறந்தது. 1951-52இல் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டியின் மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். கட்சி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயித்த இரட்டை இலை, இன்றும் கிராமத்துச் சுவர்களில் பச்சையாக நிற்கிறது. தேர்தல் வருவதற்கு ஒரு வருடம் முன்பே சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைக்கிற ஊர் இது. வடிவமைப்பின் பலம் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் அவர் இருந்த படம் போஸ்டராகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் அவர் ஜெயித்தார், திமுக முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது. மனதை உருக்குவதற்கென்றே ஒட்டிய போஸ்டர்தான் அது, சந்தேகமில்லை. ஆனால் குண்டு பாய்ந்தது உண்மை, கழுத்துக் கட்டு உண்மை, அதை ஒட்டிய கட்சி எது என்பதும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு படம் எவ்வளவு தூரம் போகலாம் என்று என்னைக் கேட்டால், அந்தப் போஸ்டர் வரைக்கும் போகலாம் என்பேன்.

உங்கள் வேலையில் பெரும்பகுதி இன்றும் அந்த வகைதான். தலைவர் படம் எவ்வளவு பெரிது, மறைந்த தலைவர்கள் மேலே வட்டத்துக்குள் எந்த வரிசையில், மாவட்டச் செயலாளருக்கும் ஒன்றியச் செயலாளருக்கும் முகத்தின் அளவில் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது பிசகினால் நள்ளிரவில் யார் யாரிடம் திட்டு வாங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கீழிருந்து மேலே பார்க்கிற கோணம், பின்னால் மங்கலாகக் கூட்டம், கரை வேட்டியின் நிறத்திலேயே ஒரு பட்டை. இதெல்லாம் தன் கட்சியைத் தூக்கிக் காட்டும் வேலை. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

எதிராளியின் முகத்துக்கு வரும்போதுதான் கை மாறுகிறது. ஒரு வீடியோவில் நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம்கள் ஓடும். உலகத்தில் எப்பேர்ப்பட்ட அழகனும் கண் சிமிட்டுகிற நேரத்தில், பாதி மூடிய இமையோடும் கோணிய வாயோடும் ஒரு ஃபிரேமிலாவது இருப்பார். அந்த ஒரு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, வண்ணத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையாக்கி, நிழலைக் கொஞ்சம் கூட்டினால் நிதானம் இல்லாத ஒரு மனிதர் தயார். ஒரு பொய்கூட எழுத வேண்டியதில்லை. 1994இல் அமெரிக்காவின் டைம் இதழ், கைதான ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தைக் கருப்பாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அந்தப் படத்தை அப்படியே போட்டிருந்ததால் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. கருத்துக்கணிப்புக் கார்டில் 48க்கும் 45க்கும் இடையே தூணின் உயரத்தை இரண்டு மடங்காக்கிக் காட்டுவதும் இதே ரகம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தீமை போலி நியூஸ் கார்டு. அது தயாராகும் விதத்தை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். சேனலின் அசல் கார்டை இறக்கி, அமைச்சர் படத்தையும் லோகோவையும் அப்படியே விட்டுவிட்டு, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பின்னணி நிறத்தை நிரப்பி, மேற்கோள் குறிக்குள் அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தைத் தட்டுவது. தேதியை மாற்றுவது. எழுத்துரு ஒத்துப்போகாதது தெரியக்கூடாது என்று தரத்தைக் குறைத்துச் சேமிப்பது. மிஞ்சிப்போனால் கால் மணி நேர வேலை.

எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் அப்படி ஒரு கார்டைப் பார்த்தேன். இன்னின்னார் குடும்ப அட்டை ரத்து என்று அமைச்சர் சொன்னதாக, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சேனலின் பெயரில் இருந்தது. போனை நீட்டிய அம்மாவின் கை நடுங்கியது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது: அந்தச் சேனல் பயன்படுத்தும் எழுத்துரு வேறு, 'க்' விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, கீழ்ப்பட்டையில் நிறம் இரண்டாக உடைந்திருந்தது. ஆனால் இருபது வருடம் எழுத்துருக்களோடு பழகியவனுக்குத் தெரிவது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "டிவிக்காரன் பொய்யா போடுவான்?" என்று கேட்டார். அவர் நம்பியது ஒரு செய்தி நிறுவனத்தை. செய்தியாளர் போன் போட்டு உறுதி செய்வார், ஆசிரியர் குழு பார்க்கும், தப்பென்றால் மறுப்பு வரும் என்று பல வருடங்களில் வளர்ந்த நம்பிக்கை அது. நீங்கள் அந்தக் கார்டில் திருடியது அதைத்தான்.

பத்திரிகைத் துண்டு என்றால் பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம், பக்கத்தில் வேறு செய்தி இருக்கும். கார்டைச் சுற்றி ஒன்றுமே இல்லை. படமேதான் செய்தி, படமேதான் சாட்சி. மறுநாள் சேனல் அதே கார்டின் மேல் சிவப்பில் 'போலி' என்று முத்திரை குத்தி வெளியிடுகிறது. அந்த மறுப்பு, முதல் கார்டு போன குடும்பக் குழுவுக்கெல்லாம் போய்ச் சேர்வதே இல்லை. வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கிளம்பும் கார்டுக்கு மறுப்புச் சொல்லக்கூட அவகாசம் கிடையாது.

"மேலிடத்திலிருந்து மேட்டர் வருகிறது, நான் டைப் செய்து தருபவன் மட்டும்தானே?" என்பீர்கள். உங்களில் பலருக்குச் சம்பளமும் பெரிதில்லை, வேலை போனால் வேறு வேலை உடனே கிடைக்காது என்பதும் உண்மை. ஆனால் நம் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவைப் படியுங்கள். தேர்தல் துண்டறிக்கையிலும் போஸ்டரிலும் வெளியிடுபவர், அச்சிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் இன்னார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சான்றொப்பம் இட்டுத் தந்த பிறகுதான் அச்சகம் வேலையைத் தொடங்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சகக்காரர் ஒரு வரிகூட எழுதியவர் இல்லை. வந்ததை அச்சடித்தவர்தான். இருந்தும் சட்டம் அவரை விடவில்லை, ஏனென்றால் அவர் கை படாமல் அந்தக் காகிதம் வெளியே போக முடியாது. இன்று அவருடைய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அவருக்காவது வேலையை மறுக்க ஒரு சட்டப் பிரிவு துணைக்கு இருந்தது. உங்களுக்கு அது தெளிவாக இல்லை என்பதால்தான் உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் அவசரம். 2024 ஜனவரியில் கலைஞர் கருணாநிதி ஏஐ வீடியோவில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று அவர் குரலில் அதிமுக ஒரு பேச்சை வெளியிட்டது. இருவரும் மறைந்தவர்கள் என்று ஊருக்கே தெரியும், வெளியிட்டவர்களும் வெளிப்படையாகச் செய்தார்கள். உயிரோடு இருப்பவரின் குரலில், யார் செய்தது என்று தெரியாமல் வருவதுதான் ஆபத்து. 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம், ஏஐ படம் என்ற அறிவிப்பு திரையின் பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், உருவாக்கியவர் பெயர் மெட்டாடேட்டாவிலோ (படக் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சேமிக்கப்படும் விவரம்) கேப்ஷனிலோ இருக்க வேண்டும் என்றும் கட்சிகளுக்குச் சொன்னது. நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினால் மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கேப்ஷன் போய்விடும் என்று நமக்குத் தெரியும். அந்த 10 சதவீதத்தைச் சாம்பல் மேல் சாம்பல் எழுத்தில் போட்டுக் கண்ணில் படாமல் செய்யவும் நமக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

"அந்தக் கட்சி செய்கிறது, நாங்கள் மட்டும் சும்மா இருந்தால் தோற்றுவிடுவோம்" என்பது அடுத்த வாதம். அந்தக் கட்சியில் உட்கார்ந்திருக்கும் டிசைனரும் உங்களைக் காட்டி இதையேதான் சொல்கிறார். பல பேர் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் எழுத்துரு பகிர்ந்துகொள்பவர்கள். கட்சிகளுக்குள் வராத உடன்பாடு உங்களுக்குள் வர முடியும் என்று நான் நம்புகிறேன்.

பெயர் வரியைப் படத்தின் ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், அதனால் தலைவர் படத்தையோ முக்கிய எழுத்தையோ தொட்டுக்கொண்டு இருக்கட்டும். வெள்ளைப் பட்டையில் கருப்பு எழுத்து, போனில் பெரிதாக்காமலே படிக்கிற அளவு. கட்சி, அணி, மாவட்டம், தேதி. மேற்கோள் என்றால் எந்த ஊர்க் கூட்டத்தில் எந்தத் தேதியில் பேசியது என்பதும் சேரட்டும். அடுத்த கார்டிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு பக்க வடிவமைப்பாளர்